எறும்புகள் கையெழுத்துப் போடவில்லை

செட்டிச்சாவடிச் சுரங்க வாசலில்
எடை மேடையில் எனக்கு வேலை.
வெள்ளைக்கல் ஏற்றிய லாரி வந்து நிற்கும்.
மொத்த எடையில் வெறும் வண்டியைக் கழித்தால்
கல்.

என் கல்லை இந்த மேடை காட்டாது.
முதல் கல் பத்தொன்பது வயதில்,
ஏற்காடு பஸ்ஸில், பதிமூன்றாவது வளைவில்.
இறக்கிவிட்டார்கள்.
குரங்குகள் பார்த்திருக்க
மைல்கல்லைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

மைக்ராஸ்கோப்பில் காட்டினார்கள் பிறகு.
ஆறு பக்கம். அப்படியொரு திருத்தம்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்கூட
வெள்ளியை அவ்வளவு நேராக வெட்டி
நான் பார்த்ததில்லை.

அப்பாவிடமிருந்து பாதி, அம்மாவிடமிருந்து பாதி,
என்றார் டாக்டர் நஸ்ரின்.
அம்மாவுக்கு அப்பா தாய்மாமன்.
சொத்து வெளியே போகக் கூடாதென்று செய்த கல்யாணம்.
போகவில்லை.
எனக்கொரு பங்கு,
தம்பி மாதேசுக்கொரு பங்கு.

நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர்,
எட்டு நாளைக்கொருமுறை குழாய் வரும் தெருவில்.
ராத்திரி இரண்டு மணிக்கு அலாரம்.
ஒரு சொம்பு. மறுபடி பாய்.
அப்படியும் கல்.

சர்க்கரைக்காரர்களுக்குக் கொடுக்கிற மாத்திரை
இந்தக் கல்லுக்கும் ஆகுமா, பார்க்கிறோம் என்றார்கள்.
எங்களுக்குச் சர்க்கரை இல்லையே என்றேன்.
தெரியும் என்றார்கள்.
பதினோரு பக்கம் படித்துக் காட்டினார்கள், தமிழில்தான்.
மூன்று மாதம் ஒரு டப்பா,
இரண்டு வாரம் சும்மா,
அப்புறம் மூன்று மாதம் இன்னொரு டப்பா.
ஒன்றில் மருந்து, ஒன்றில் வெறும் மாவு.
எது எதுவென்று எனக்கும் தெரியாது,
டாக்டருக்கும் தெரியாது.
நல்லதுதான் என்று கையெழுத்துப் போட்டேன்.
தம்பியும் போட்டான், வழக்கம்போல
கோட்டுக்குக் கீழே இறங்கி.

மாதத்தில் ஒரு ஞாயிறு
முழு நாள் மூத்திரத்தைக் கேனில் பிடிக்க வேண்டும்.
பச்சை மூடி எனக்கு. சிவப்பு மூடி அவனுக்கு.
பாத்ரூம் ஜன்னலடியில் ஐஸ் பெட்டிக்குள் இரண்டும்.

திங்கள் விடியலில் பார்க்கிறேன்,
பச்சை மூடியைச் சுற்றி
சிற்றெறும்பு வரிசை.
சிவப்பில் ஒன்றுகூட இல்லை.

சர்க்கரை மூத்திரத்தில் இறங்கும்.
ஆறாம் பக்கத்தில் இருந்தது.
யாருக்கும் தெரியக் கூடாததை
ஜன்னலிடுக்கு வழியாக வந்து
தின்றுகொண்டிருந்தன.

அந்த வாரமே மாதேசுக்கு வலி.
சூரமங்கலம் பார்சல் ஆபீஸில்
மூட்டைகளுக்கு நடுவே சுருண்டுவிட்டான்.
ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன்.
திரும்பி வந்து மாத்திரை அட்டையை
வெகுநேரம் கையில் வைத்திருந்தேன்.
உடைத்தால் ஆளுக்குப் பாதி.
எங்கள் வீட்டில் எல்லாமே
பாதிபாதியாகத்தானே வந்திருக்கிறது.

உடைக்கவில்லை.
உடைத்தால் கணக்குக் கெட்டுவிடும் என்பது ஒரு காரணம்.
இன்னொரு காரணம் இருந்தது,
அதை இங்கே எழுதப் போவதில்லை.

அடுத்த மாதமும் எறும்பு. அதற்கடுத்தும்.
ஈரத்துணியால் மூடியைத் துடைத்துக் கொடுத்தேன்.
ஏதாவது வித்தியாசம் தெரிகிறதா என்றார்
நர்ஸ் எமல்டா.
இல்லை என்றேன்.
அவர் அதை எழுதிக்கொண்டார்.

இரண்டாவது டப்பா.
மாம்பழம் ரோட்டுக்கு வந்துவிட்ட மாதம்.
பல் விளக்கிக்கொண்டே ஜன்னல் பக்கம் போன மாதேஸ்
பிரஷ்ஷோடு நின்றான்.
அக்கா, என் கேனில் எறும்பு.
ம்.
உன் கேனில் இல்லையே.
ம்.
போன டப்பாவில்?
நான் சோற்றுப் பானையைக் கிளறிக்கொண்டிருந்தேன்,
கிளற வேண்டிய தேவையே இல்லாமல்.

அவன் துப்பிவிட்டு வாய் கொப்பளித்தான்.
வேறெதுவும் கேட்கவில்லை.

எறும்புக்குத் தெரிந்தது சர்க்கரை மட்டும்.
கல் குறைந்ததா என்பதற்கு
வியாழக்கிழமை ஸ்கேன்,
அப்புறம் யாரோ எங்கோ ஒட்டி வைத்திருக்கும் உறை,
அப்புறம் எங்களைப்போல இன்னும் எத்தனை பேரோ.

அன்று ராத்திரி
என் அலாரம் அடிக்கும் முன்னே
இருட்டில் அவன் வந்து நின்றான்.
கையில் சொம்பு.
அவனுடையது, பெரியது.
குடிக்கிறவரை நின்றான்.